தேசிய அருங்காட்சியகத்துக்குப் புதுக் கட்டடம்: முகப்பிலிருந்து தொடங்குவதா, பொருளிலிருந்தா?

கற்றளி:

வணக்கம். தேசிய அருங்காட்சியகத்துக்குப் புதுக் கட்டடம் என்று எந்த நாடு அறிவித்தாலும் முதலில் வெளியாவது ஒரு படம்தான். அந்தி நேரம், உள்ளிருந்து கசியும் மஞ்சள் வெளிச்சம், முன்னால் இருக்கும் குளத்தில் கட்டடத்தின் பிம்பம். அதை வைத்தே பேச்சு ஓடும்: வடிவம் பிடித்திருக்கிறதா, நாட்டின் பெருமையைச் சொல்கிறதா என்று. அந்தப் படத்தில் நான் தேடுவது வேறு. லாரி வந்து நிற்கும் இடம் எங்கே? பெட்டியைப் பிரிக்கும் அறை எங்கே? காட்சிக்கு வராத பொருட்கள் எங்கே இருக்கப் போகின்றன? பெரிய அருங்காட்சியகங்களில் மக்கள் பார்ப்பது மொத்தச் சேகரிப்பில் சிறு பகுதியைத்தான். மிச்சமெல்லாம் சேமிப்பறையில். வடிவமைப்புப் போட்டியில் பரிசு வாங்குவதோ முகப்பு.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். எந்தெந்தப் பொருள், எவ்வளவு எடை, எவ்வளவு வெளிச்சம் தாங்கும், எந்த வழியாக உள்ளே வரும் என்பதையெல்லாம் எழுதி முடித்த பிறகுதான் வடிவத்துக்கே போக வேண்டும். இன்று நடப்பது பெரும்பாலும் தலைகீழ்.

பெர்லின் யூத அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டேனியல் லிபெஸ்கிண்ட் கட்டியது. 1999இல் காட்சிப் பொருட்கள் எதுவும் வைக்காமலேயே மக்களை உள்ளே விட்டார்கள். சுமார் மூன்றரை லட்சம் பேர் வெறுங்கட்டடத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். காட்சி 2001இல்தான் வந்தது. கட்டடத்தின் வலிமையை நான் மறுக்கவில்லை. ஆனால், காலியாக இருக்கும்போதே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்ட இடத்தில் அப்புறம் பொருளை வைப்பவர் பாடு கடினம்.

இதற்கு நேர்மாறானது வாஷிங்டனில் இருக்கும் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகம். கறுப்பினத்தவரைத் தனியே உட்காரவைத்த காலத்து ரயில் பெட்டி ஒன்றையும், லூசியானாவின் அங்கோலா சிறையிலிருந்து ஒரு காவல் கோபுரத்தையும் 2013 நவம்பரிலேயே கிரேன் வைத்துக் குழிக்குள் இறக்கினார்கள். கட்டடம் அதற்குப் பிறகுதான் அவற்றைச் சுற்றி எழுந்தது. 2016 செப்டம்பரில் திறப்பு. எந்தப் பொருள் எப்போது உள்ளே வர வேண்டும் என்பது கட்டுமான வரிசையையே முடிவு செய்திருக்கிறது. எல்லா தேசிய அருங்காட்சியகமும் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் கருத்து?

வெயில்முற்றம்:

கற்றளி சார், நீங்கள் எடுத்த உதாரணமே என் பக்கம்தான் பேசுகிறது. அந்த வாஷிங்டன் கட்டடத்தை மக்கள் நினைவில் வைத்திருப்பது ரயில் பெட்டிக்காக மட்டுமல்ல. மேல்நோக்கி விரியும் மூன்றடுக்கு முடி, அதற்காகவும்தான். மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மரத்தூண்களின் தலைப்பகுதியிலிருந்து டேவிட் அஜாயே எடுத்த வடிவம் அது. மேலே போர்த்தியிருக்கும் சுமார் 3,600 அலுமினியத் தகடுகளின் பின்னல் வேலைப்பாடு, சார்ல்ஸ்டன், நியூ ஆர்லியன்ஸ் நகரங்களில் அடிமைகளாக இருந்த கொல்லர்கள் அடித்த இரும்புக் கிராதிகளை ஒட்டியது. சுற்றிலும் வெள்ளைக் கல் கட்டடங்கள், எதிரே வாஷிங்டன் நினைவுத்தூண். அங்கே பழுப்பு வெண்கல நிறத்தில் இது நிற்பதே ஒரு கூற்று. உள்ளே கால் வைக்காதவருக்கும் அது புரிகிறது.

தேசிய அருங்காட்சியகம் என்பது சேமிப்பறைக்கு மேல் போட்ட கூரை மட்டுமல்ல. ஒரு நாடு தன்னை யார் என்று பொதுவெளியில் சொல்லிக்கொள்ளும் இடம். சொல்லும் விதத்தில் அழகு இருந்தே ஆக வேண்டும். தோஹாவில் ழான் நூவெல் பாலைவன ரோஜா என்ற படிகத்தின் வடிவத்தில் கட்டிய கத்தார் தேசிய அருங்காட்சியகம் 2019இல் திறந்தது. பெரிய பெரிய வட்டுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்த மண்ணுக்குள் தானாக உருவாகும் ஒரு பொருளையே கட்டடமாக்கியது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இது பிறந்திருக்குமா?

நூலிழை:

நான் துணி, காகிதம் பாதுகாப்புத் துறையில் வேலை செய்கிறேன். இந்த விவாதத்தில் பலரும் கவனிக்காமல் விடும் வெளிச்சத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பழைய துணிக்கும் ஓவியக் காகிதத்துக்கும் நாங்கள் வைத்திருக்கும் வழக்கமான வரம்பு 50 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு). எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 வரை போகலாம். வெளியே நிழலில் நின்றாலே 10,000 லக்ஸ் இருக்கும். நேர் வெயிலில் ஒரு லட்சம். ஆக, கண்ணாடி முகப்பு என்று ஒரு கோடு வரைந்தவுடனேயே அதன் பின்னால் எந்தெந்தப் பொருளை வைக்கவே முடியாது என்பதும் முடிவாகிவிடுகிறது. அப்புறம் திரை, படலம், இருட்டுப் பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கண்ணாடியையே மறைக்க வேண்டி வரும்.

ஒளியால் வரும் சேதம் கூடிக்கொண்டேதான் போகும். இரவில் இருட்டில் வைத்தாலும் போன நிறம் திரும்பாது. 500 லக்ஸில் ஒரு மணி நேரமும் 50 லக்ஸில் பத்து மணி நேரமும் துணிக்கு ஒன்றே. ஜன்னலோரத்தில் நெடுநாள் கிடந்த ஒரு துணியின் மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் இது புரியும். மடிப்புக்குள் இலைகள் பச்சையாக இருக்கும்; வெளிப்பக்கம் அதே இலைகள் நீலமாக இருக்கும். நீலத்தோடு மஞ்சளை ஏற்றித்தான் அந்தப் பச்சையை எடுத்திருப்பார்கள். வெளிச்சம் மஞ்சளை முதலில் தின்றுவிடுகிறது. ஐரோப்பாவின் பழைய திரைச்சீலைகளில் காடுகள் நீல நிறமாகத் தெரிவதற்கும் காரணம் இதுவே.

அதற்காக இயற்கை வெளிச்சமே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஃபோர்ட் வொர்த்தில் லூயி கான் கட்டிய கிம்பல் கலை அருங்காட்சியகம், 1972. வளைவுக் கூரையின் உச்சியில் நீளமாக ஒரு பிளவு. அதற்குக் கீழே துளையிட்ட அலுமினியத் தகடு. வெயில் அந்தத் தகட்டில் பட்டு, மேலே கான்கிரீட் வளைவில் பரவி, அங்கிருந்து மென்மையாக இறங்குகிறது. ஓவியத்தின் மேல் வெயில் நேராக விழுவதேயில்லை. வெளிச்சத்தைக் கணக்கு வைத்தே ஒரு கூரையை அழகாக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஈரப்பதம் இன்னொரு பெரிய விஷயம். இரண்டாம் உலகப்போரில் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்களை வேல்ஸில் உள்ள மேனட் கற்பலகைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். குண்டுக்குப் பயந்து போன இடத்தில் ஒரு பாடம் கிடைத்தது. வெப்பமும் ஈரமும் மாறாமல் இருந்ததால் வண்ணம் உரிவது வெகுவாகக் குறைந்தது. அதற்காக எல்லா இடத்திலும் ஆண்டு முழுக்க ஒரே எண்ணில் ஏசி ஓட வேண்டும் என்றில்லை. பல அருங்காட்சியகங்கள் இன்று பெரும்பாலான பொருட்களுக்கு 16 முதல் 25 டிகிரி, 40 முதல் 60 சதவீத ஈரம் என்ற அகலமான வரம்பை ஏற்கின்றன. திடீரென்று ஏறி இறங்காமல் இருப்பதுதான் முக்கியம். கனமான சுவர், வாசலுக்கும் காட்சிக்கூடத்துக்கும் நடுவே ஓர் இடைக்கூடம், கட்டடத்தின் நடு வயிற்றில் சேமிப்பறை: இவ்வளவு செய்தாலே இயந்திரத்தின் வேலை வெகுவாகக் குறையும். இதெல்லாம் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். பிறகு சேர்க்க முடியாது.

அச்சாணி:

கட்டமைப்புப் பொறியாளனாக நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

அலுவலகத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 250, 300 கிலோ சுமைக்குக் கணக்குப் போடுவோம். காட்சிக்கூடத்துக்கு 500க்குக் குறையக் கூடாது. தண்டவாளத்தில் நகரும் அடுக்கு ரேக்குகள் வைக்கும் சேமிப்பறையில் ஆயிரம் கிலோவைத் தாண்டிவிடும். கற்சிலை என்றால் அதற்குத் தனிக் கணக்கு, ஏனென்றால் எடை முழுவதும் ஒரு சின்னப் பீடத்தில் இறங்கும். ஆக, கற்சிலைகளை மூன்றாம் மாடியில் வைக்க ஆசைப்பட்டால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

அடுத்தது வழி. பொருள் நிற்கும் இடத்தைத் துல்லியமாக வரைகிறார்கள். அது அங்கே போய்ச்சேரும் பாதையை வரைவதில்லை. லாரி இறங்கும் மேடை, மேலே மழை படாத கூரை, பெட்டியோடு சேர்த்த உயரத்துக்குக் கதவு, மூலையில் திரும்ப இடம், சரக்கு லிஃப்ட். இந்தத் தொடரில் எது குறுகலோ அதுதான் உங்கள் அருங்காட்சியகத்தின் உண்மையான அளவு. கீஸாவில் எகிப்தின் பெரிய அருங்காட்சியகத்தில் 11 மீட்டர் உயரமும் சுமார் 83 டன் எடையும் உள்ள இரண்டாம் ராம்சேஸ் சிலையை 2018 ஜனவரியில் முகப்பு மண்டபத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதிகாரபூர்வத் திறப்பு விழா நடந்தது 2025 நவம்பரில். அத்தனை முன்னதாக வந்தால்தான் அதற்கு வழி இருக்கும்.

நிலநடுக்கத்தையும் மறக்கக் கூடாது. கட்டடம் இடியாமல் நின்றால் போதாது, உள்ளே அலமாரியில் நிற்கும் மண்குடமும் விழக் கூடாது. வெலிங்டனில் 1998இல் திறந்த நியூசிலாந்து தேசிய அருங்காட்சியகம் டே பாப்பாவின் அடியில் ரப்பரும் ஈயமும் சேர்ந்த தாங்கிகள் இருக்கின்றன. நிலம் அசையும்போது கட்டடம் மெதுவாக நகர்ந்து அதிர்வின் பெரும்பகுதியை விட்டுவிடும். டோக்கியோவில் லெ கொர்பூசியே 1959இல் கட்டிய தேசிய மேற்கத்தியக் கலை அருங்காட்சியகத்துக்கு இதையே பிற்பாடு, கட்டடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அடியில் செய்தார்கள். 1998இல் முடிந்த அந்த வேலையை எங்கள் துறையில் இன்றும் மரியாதையோடு பேசுவோம்.

கற்றளி:

அச்சாணி, "குறுகலான இடம்தான் உண்மையான அளவு" என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

வெயில்முற்றம், வடிவமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொருளிலிருந்து பிறந்த வடிவம் வேண்டும் என்கிறேன். ஏதென்ஸ் அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பெர்னார்ட் சூமி வடிவமைத்தது, 2009இல் திறந்தது. உச்சித் தளம் மட்டும் கீழ்த்தளங்களிலிருந்து திரும்பி நிற்கிறது. காரணம் மேலே குன்றில் இருக்கும் பார்த்தெனான். கோயில் எந்தத் திசை பார்க்கிறதோ அந்தத் திசையையே பார்க்கிறது இந்தத் தளம். 160 மீட்டர் நீளச் சிற்பப் பட்டை கோயிலில் இருந்த வரிசையிலேயே சுற்றி வருகிறது. அங்கிருந்து எடுத்துப்போய் இன்று லண்டனில் இருக்கும் சிற்பப் பலகைகளின் இடத்தில் வெள்ளைச் சுண்ண வார்ப்புகள். நடந்துகொண்டே வரும்போது பழுப்பேறிய பளிங்கு முடிந்து திடீரென்று வெள்ளை தொடங்கும். என்ன காணாமல் போயிருக்கிறது என்று பலகை எழுதி வைக்க வேண்டியதில்லை. கட்டடமே வழக்காடுகிறது. நாட்டின் குரல் என்று நீங்கள் சொல்வது இதைவிடத் தெளிவாக எங்கே கேட்கும்?

நூலிழை:

அந்தத் தளம் முழுக்கக் கண்ணாடி. நான் மேலே எழுதியதற்கு முரண் போலத் தோன்றும், ஆனால் முரண் இல்லை. பளிங்குக்கு வெளிச்சத்தால் கேடில்லை. அதனால் அங்கே கண்ணாடி சரியான முடிவு. அதே கூடத்தில் துணி இருந்திருந்தால் தவறாகியிருக்கும்.

நடைபாதை:

எல்லோரும் பொருளைப் பற்றிப் பேசுகிறீர்கள். பார்க்க வருகிறவர் உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லையே.

என் அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். புதிதாகக் கட்டிய ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். முன்னால் அகலமான படிக்கட்டு. எல்லோரும் அதில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பக்கவாட்டில், குப்பைத்தொட்டிகள் வைத்திருந்த ஒரு கதவு வழியாக அனுப்பினார்கள். உள்ளே போனதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "வாசல் எப்படிப்பா இருந்துச்சு?" அந்தக் கட்டடத்தின் மொத்தச் செலவும் அந்த வாசலில்தான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

பாரிஸ் லூவ்ரின் கண்ணாடிப் பிரமிடுக்குள், 1989இல் ஐ.எம். பேய் வைத்த சுழல் படிக்கட்டின் நடுவிலேயே உருளை வடிவ லிஃப்ட் ஒன்று இறங்குகிறது. மேலே மூடி கிடையாது, சுற்றிக் கூண்டும் கிடையாது. நடந்து இறங்குகிறவர் பார்க்கும் அதே காட்சியைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் இருப்பவரும் இறங்குவார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இதைத் தாண்டிய யோசனை பல புதுக் கட்டடங்களில் வரவில்லை என்பது எனக்கு வருத்தம்.

நடக்கிறவர்களுக்கும் பிரச்சினை உண்டு. அருங்காட்சியகச் சோர்வு என்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருந்த பெஞ்சமின் கில்மன் 1916இலேயே எழுதினார். ஓர் ஆளைக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன் நிற்கச் சொல்லி, அவர் குனிவதையும் மண்டியிடுவதையும் கழுத்தை வளைப்பதையும் புகைப்படம் எடுத்து வைத்தார். பெட்டியின் உயரமும் எழுத்துப் பலகையின் இடமும்தான் மனிதரைக் களைக்க வைக்கின்றன என்று காட்டினார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்றும் குழந்தையின் கண்ணுக்கும் நாற்காலியில் இருப்பவர் கண்ணுக்கும் எட்டாத உயரத்தில்தான் விளக்கப் பலகை இருக்கிறது. உட்காரும் பெஞ்சை வரைபடத்தில் போடுங்கள். ஜன்னல் ஒன்று வையுங்கள், வெளியே மரம் தெரியட்டும். அந்த இரண்டு நிமிட ஓய்வுக்குப் பிறகுதான் அடுத்த கூடம் கண்ணில் ஏறும்.

வெயில்முற்றம்:

நடைபாதை அக்கா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாது. வாசல் எல்லோருக்கும் ஒரே வாசலாக இருக்க வேண்டும்.

தோஹாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வட்டுகள் சாய்ந்திருப்பதால் உள்ளே நேர்ச்சுவர் குறைவு. அந்தப் பிரம்மாண்டமான சாய்வுச் சுவர்கள் மேலேயே படங்களை ஓடவிட்டுக் கதை சொல்கிறார்கள். வடிவம் ஒரு புதுக் காட்சி முறையைக் கொண்டுவந்தது என்று நான் பார்க்கிறேன்.

கற்றளி:

கடல், பாலை வாழ்வைச் சொல்ல அங்கே அது பொருந்துகிறது, சரி. ஆனால் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில், ஃப்ராங்க் லாய்டு ரைட்டின் சுழல் சாய்தளம் கட்டி முடியும் முன்பே, 1956இல் 21 ஓவியர்கள் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். சாய்ந்த சுவரிலும் சரிந்த தரையிலும் எங்கள் ஓவியத்தை எப்படி நேராகப் பார்ப்பது என்பது அவர்கள் கேள்வி. கட்டடம் 1959இல் திறந்து உலகப் புகழ் பெற்றது. அதனால் அந்தக் கேள்வி தவறாகிவிடவில்லை.

பேரேடு:

நிதி, பராமரிப்புப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கட்டும் செலவு ஒரு தடவை. ஓட்டும் செலவு கட்டடம் இருக்கும்வரை. திறப்பு விழாவுக்குப் பணம் கொடுக்கப் பலர் வருவார்கள். தண்ணீர் பம்பு மாற்றவும் கூரை ஒழுகலை அடைக்கவும் ஒருவரும் வர மாட்டார்கள்.

2018 செப்டம்பர் 2ஆம் தேதி இரவு ரியோவில் பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. 1818இல் தொடங்கிய நிறுவனம், இருநூறாம் ஆண்டில். சுமார் இரண்டு கோடிப் பொருட்கள் இருந்த இடம். அரங்கிலிருந்த ஓர் ஏசியில் தீ தொடங்கியது என்று விசாரணையில் வந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்தபோது அருகிலிருந்த குழாய்களில் போதிய தண்ணீர் இல்லை. பழைய அரண்மனை, மரத் தளங்கள், பல ஆண்டுகளாகப் பராமரிப்புக்கு வராத பணம். பேச்சு வழக்கே அற்றுப்போன மொழிகளின் ஒலிப்பதிவுகளும் அதில் போயின. புதுக் கட்டடத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவு வருவது இதுதான். தீ ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகாதபடி தடுக்கும் சுவரும் கதவும் எங்கே? காகிதக் கிடங்கில் தண்ணீர் பாய்ச்சுவீர்களா, வாயு விடுவீர்களா? இதற்கு விடை இல்லாத வடிவத்துக்கு ஒரு பைசா ஒதுக்கக் கூடாது.

தண்ணீரும் அப்படியே. 2016இல் சீன் நதி பெருகியபோது லூவ்ர் தன் கீழ்த்தளக் கிடங்குகளிலிருந்து பொருட்களை அவசரமாக மேலே ஏற்றியது. பிறகு சேமிப்பையே வடக்கே லியேவாங் என்ற ஊரில் தனிக் கட்டடம் கட்டி மாற்றத் தொடங்கினார்கள். அது 2019இல் திறந்தது. ஆற்றங்கரை இடம் படத்தில் அழகாக இருக்கும். அங்கே கட்டுவதாக இருந்தால் சேமிப்பறை நிலத்தடியில் இருக்கவே கூடாது.

இன்னொன்று. குழாய்களையெல்லாம் வெளியே தெரியவைத்த பாரிஸ் பாம்பிடு கலை மையம் 1977இல் திறந்தது. 2025இல் மூடிவிட்டார்கள், 2030 வரை வேலை. ஐம்பது ஆண்டுகூடத் தாங்கவில்லை என்று குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எந்தக் கட்டடத்துக்கும் அப்படி ஒரு காலம் வரும். அப்போது சேகரிப்பு எங்கே போகும் என்பதை இப்போதே யோசிக்க வேண்டும்.

ஓலைச்சுவடி:

புதிதாகக் கட்டியே ஆக வேண்டுமா? பாரிஸ் ஒர்சே அருங்காட்சியகம் 1900இல் கட்டிய ரயில் நிலையம், 1986இல் மாறியது. டெல்லியில் மத்தியச் செயலகத்தின் வடக்கு, தெற்கு பிளாக்குகளையே தேசிய அருங்காட்சியகமாக்கும் திட்டம் இருக்கிறது.

அச்சாணி:

ரயில் நிலையத்தில் நடுவே பெரிய வெற்றிடம் கிடைக்கும், அதில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். செயலகக் கட்டடம் வேறு வகை. நீண்ட நடைக்கூடம், வரிசையாக அறைகள், சுமை தாங்கும் சுவர்கள். சிறு பொருட்களுக்கு அந்த அறைகள் மிக நல்லவை. பெரிய சிற்பத்துக்கும் கூட்டத்துக்கும் சிரமம். ஏசி குழாய் கொண்டுபோக இடமில்லாமல் திண்டாடுவதுதான் இப்படிப்பட்ட மாற்றங்களில் வழக்கம். முடியாது என்று சொல்லவில்லை. அறைக்கு ஏற்பப் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நூலிழை:

சேமிப்பறையை மறைக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. ரோட்டர்டாமில் 2021இல் திறந்த போய்மன்ஸ் சேமிப்பகத்தில் 1,51,000 பொருட்களைக் காலவரிசைப்படி வைக்காமல், எந்தப் பொருளுக்கு எந்தக் காற்று வேண்டும் என்று பார்த்து அடுக்கியிருக்கிறார்கள். மக்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். அதன் கண்ணாடி வெளிச்சுவர் ஊரையே பிரதிபலிக்கிறது, வெயில்முற்றம் கேட்கும் அழகும் அதில் குறையவில்லை.

வெயில்முற்றம்:

அது நல்ல விடை. சரி, அப்படியானால் போட்டியை எப்படி நடத்துவது? எகிப்தின் அருங்காட்சியகத்துக்கு 1,557 பேர் வடிவம் அனுப்பினார்கள். ஒவ்வொன்றிலும் லிஃப்ட் அகலத்தை நடுவர்கள் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

கற்றளி:

முடியாது. அதனால் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் வடிவம், இடம், எண்ணம். அதில் தேறிய சிலருக்கு உண்மையான பொருள் பட்டியலைக் கொடுக்க வேண்டும்: பெரிய கற்சிலை ஒன்று, மங்கிய துணி ஒன்று, அடிக்கடி ஆய்வுக்கு வெளியே எடுக்கும் சுவடிக்கட்டு ஒன்று. லாரியிலிருந்து காட்சிக்கூடம் வரை ஒவ்வொன்றும் போகும் வழியை வரைந்து காட்டச் சொல்ல வேண்டும். நடைபாதை அவர்களின் அம்மா வாசலிலிருந்து உச்சித் தளம் வரை போகும் வழியையும் அதே தாளில் வரையட்டும்.

நூலிழை:

அந்தத் தாளைப் பார்க்க நடுவர் குழுவில் அரும்பொருள் பாதுகாப்பு வல்லுநர் ஒருவர் வேண்டும். ஆலோசகர் என்று ஓரத்தில் உட்காரவைக்காமல் வாக்குரிமையோடு.

பேரேடு:

முதல் பத்து ஆண்டு ஓட்டும் செலவையும் அவர்களே எழுதித் தர வேண்டும். காட்சிக்கூடத்துக்கும் சேமிப்பறைக்கும் மேலே மழைநீர்க் குழாய் எதுவும் போகவில்லை என்று வரைபடத்தில் காட்டி, கையெழுத்தும் போட வேண்டும்.